விளையாட வாருங்கள் என்று அழைக்கும் சர்ச் தன்னார்வலர்கள்: வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைகளும் வீட்டில் எழும் கேள்விகளும்

செப்டம்பர் பிறந்ததும் காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்து வீடுகளின் வாட்ஸ்அப்பில் ஒரே மாதிரி படங்கள் வரத் தொடங்கும். மான்செஸ்டரிலோ டெக்சாஸிலோ எம்.எஸ். சேர்ந்த பிள்ளை, ஏழெட்டு நாட்டு மாணவர்களோடு ஒரு மேசையைச் சுற்றி நின்று, வேகாத ஸ்பகெட்டிக் குச்சிகளால் கோபுரம் கட்டிக்கொண்டிருக்கும். அக்டோபரில் பூசணிக்காய் செதுக்கும் போட்டி, டிசம்பரில் இஞ்சி பிஸ்கட்டில் வீடு கட்டும் போட்டி. யார் நடத்துகிறார்கள் என்று கேட்டால், "சர்ச்ல வாலண்டியர்ஸ் நடத்துறாங்கம்மா, சும்மா கேம்ஸ்தான்" என்று பதில் வரும்.

வீட்டில் உடனே இரண்டு கட்சி உண்டாகிவிடும். மதம் மாற்றத்தான் கூப்பிடுகிறார்கள் என்பது ஒரு கட்சி. பாவம், தனியாகக் கிடக்கிற பிள்ளைக்குச் சோறு போடுகிறார்கள், அதைப் போய்க் குறை சொல்லலாமா என்பது இன்னொன்று. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. முழு விவரம் தெரிந்தால் பயப்பட வேண்டிய இடம் எது, வேண்டாத இடம் எது என்று பிரித்துப் பார்க்கலாம்.

அழைப்பவர்கள் யார்?

"சர்ச்" என்று பிள்ளைகள் ஒரே சொல்லில் சொன்னாலும், அழைப்பவர்கள் ஒரே வகையினர் இல்லை. மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளலாம்.

1. பல்கலைக்கழகத்தின் சாப்ளின்சி. சாப்ளின் என்பவர் வளாகத்தில் மாணவர்களின் ஆன்மிகத் தேவையைக் கவனிக்கும் குரு. பிரிட்டனில் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் இந்த அலுவலகம் உண்டு. பல இடங்களில் இந்து, முஸ்லிம், சீக்கியப் பிரதிநிதிகளும் இதில் இருப்பார்கள். இங்கே தேநீரும் பேச்சும் அதிகம், பிரசங்கம் குறைவு.

2. உள்ளூர்த் திருச்சபை. அந்த ஊர்க்காரர்கள், பெரும்பாலும் பணி ஓய்வு பெற்றவர்களும் குடும்பத்தினரும், வெள்ளிக்கிழமை மாலையில் சர்ச் கூடத்தைத் திறந்து வைத்து நடத்துவது.

3. மாணவர் ஊழிய அமைப்புகள். ஊழியம் என்றால் மதப்பணி. சர்வதேச மாணவர்களை மட்டுமே மனதில் வைத்துத் தொடங்கியவையும் இவற்றில் உண்டு. அமெரிக்காவில் 1953-ல் தொடங்கிய இன்டர்நேஷனல் ஸ்டூடண்ட்ஸ் இன்கார்ப்பரேட்டட், 1951-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் பிறந்து இன்று குரூ என்று அறியப்படும் அமைப்பு, 1947-ல் உருவான ஐ.எஃப்.இ.எஸ். என்ற உலகக் கூட்டமைப்பு, பிரிட்டனில் ஃபிரெண்ட்ஸ் இன்டர்நேஷனல் ஆகியவை இந்த வகை. இவர்கள் நோக்கத்தை ஒளிப்பதில்லை. இயேசுவைப் பற்றி மாணவர்கள் அறிய வேண்டும் என்று தங்கள் இணையதளத்திலேயே எழுதி வைத்திருப்பார்கள்.

பல ஊர்களில் இரண்டாவதும் மூன்றாவதும் கைகோத்துச் செயல்படும். கூடம் திருச்சபையுடையது, திட்டம் அமைப்பினுடையது.

ஏன் போட்டி?

பேச்சுக்குக் கூப்பிட்டால் வராத மாணவர் விளையாட்டுக்கு வருவார் என்பது மேலோட்டமான காரணம். உள்ளே இன்னும் சில காரணங்கள் இருக்கின்றன.

புதிதாகப் போன மாணவரின் பெரிய தடை பேச்சுதான். கல்லூரியில் ஆங்கிலத்தில் படித்தவர்தான், ஆனால் லிவர்பூல் உச்சரிப்பில் வேகமாகப் பேசினால் பாதி புரியாது. திரும்பக் கேட்கக் கூச்சம். ஸ்பகெட்டிக் கோபுரத்துக்கு நல்ல ஆங்கிலம் தேவையில்லை. "இதைப் பிடி, அதை வெட்டு" போதும். கை வேலை செய்யும்போது வாய் தானாகத் திறக்கும்.

அடுத்தது குழுப் பிரிப்பு. தமிழ் மாணவர் தமிழ் மாணவரோடும், சீன மாணவர் சீன மாணவரோடும் ஒட்டிக்கொண்டு நிற்பது இயல்பு. வண்ணச் சீட்டு எடுத்துக் குழு பிரித்தால் அந்தக் கொத்து கலைந்துவிடும். "மனித பிங்கோ" என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. கட்டம் போட்ட தாளில் "மூன்று மொழி பேசுபவர்", "பனியை இதுவரை பார்க்காதவர்" என்றெல்லாம் எழுதியிருக்கும். ஒவ்வொரு கட்டத்துக்கும் பொருந்தும் ஆளைத் தேடிக் கையெழுத்து வாங்க வேண்டும். பத்து நிமிடத்தில் இருபது பேரிடம் பேசியாகிவிடும். முன்பின் தெரியாத இருபது பேரிடம் வேறு எந்த வழியிலும் அந்த மாணவர் பேசியிருக்க மாட்டார்.

இன்னொரு காரணம் நடத்துபவர்களுக்கானது. ஒவ்வொரு மேசையிலும் ஒரு தன்னார்வலர் குழுவில் ஒருவராக உட்காருவார். ஒன்றரை மணி நேரத்தில் அவருக்கு ஆறு மாணவர்களின் பெயரும் ஊரும் படிப்பும் தெரிந்துவிடும். அடுத்த வாரம் பெயர் சொல்லி அழைப்பார். வந்து ஒரு மாதமாகியும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாத ஊரில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அனுபவித்தவர்கள்தான் சொல்ல முடியும்.

மாலை ஒன்று எப்படி நகர்கிறது?

பெரும்பாலும் ஒரே ஒழுங்கு. வாசலில் பெயர், மின்னஞ்சல், தொலைபேசி எண் எழுதும் தாள் அல்லது கியூஆர் குறியீடு. பிறகு இலவசச் சாப்பாடு. அப்புறம் போட்டி. சில இடங்களில் நடுவே ஐந்து பத்து நிமிடம் ஒருவர் எழுந்து கிறிஸ்துமஸ் அல்லது ஈஸ்டரின் பொருளைச் சொல்வார், அல்லது தன் வாழ்க்கையில் நடந்ததைச் சொல்வார். பரிசாக சாக்லேட் பெட்டி. கிளம்பும்போது அடுத்த நிகழ்ச்சிக்கான அழைப்பு.

இதற்கு மேலேயும் படிகள் உண்டு. விளையாட்டு மாலையில் பழகியவருக்கு வீட்டுச் சாப்பாட்டு அழைப்பு வரும். பிறகு ஆறேழு பேர் உட்கார்ந்து பைபிள் படிக்கும் சிறு குழு. சில ஊர்களில் ஆல்ஃபா என்ற அறிமுக வகுப்பு. லண்டனில் ஹோலி டிரினிட்டி பிராம்ப்டன் திருச்சபையில் 1977-ல் தொடங்கி, 1990-க்குப் பிறகு நிக்கி கம்பலின் பொறுப்பில், நம்பிக்கை இல்லாதவர்களுக்கான வகுப்பாக உலகமெங்கும் பரவியது இது. ஏறத்தாழ பத்து வாரம், ஒவ்வொரு வாரமும் சாப்பாடு, ஒரு பேச்சு, கலந்துரையாடல். முதல் படியோடு நின்றுவிடும் மாணவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் படிகள் இருக்கின்றன என்பது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும்.

இது இன்று முளைத்த பழக்கமா?

விளையாட்டுக்கும் கிறிஸ்தவ இளைஞர் பணிக்கும் நூறாண்டைத் தாண்டிய உறவு உண்டு. 1844-ல் லண்டனில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கம்தான் இதன் நாற்றங்கால். கூடைப்பந்தை 1891-ல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் உருவாக்கியது அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில். நான்கு வருடம் கழித்து வாலிபால் பிறந்ததும் ஒய்.எம்.சி.ஏ. கூடத்தில்தான். சென்னையில் 1920-ல் ஹாரி குரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குத் தலைமுறை தலைமுறையாக உடற்கல்வி ஆசிரியர்களைத் தந்தது. அங்கே படித்த ஆசிரியரிடம் வாலிபால் கற்ற யாரும் அதை மதமாற்றமாக நினைத்ததில்லை.

வெளிநாட்டு மாணவர்களை வரவேற்கும் வேலைக்கும் அதே வயது. 1909-ல் ஹாரி எட்மண்ட்ஸ் என்ற ஒய்.எம்.சி.ஏ. பணியாளர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக நூலகப் படிகளில் எதிரே வந்த சீன மாணவருக்குக் காலை வணக்கம் சொன்னார். இந்த ஊருக்கு வந்து மூன்று வாரமாகிறது, என்னிடம் முதலில் பேசியவர் நீங்கள்தான் என்றார் அந்த மாணவர். எட்மண்ட்ஸும் அவர் மனைவியும் ஞாயிறுதோறும் மாணவர்களை வீட்டுக்குச் சாப்பிட அழைக்கத் தொடங்கினார்கள். ராக்ஃபெல்லர் குடும்பத்தின் பண உதவியோடு அது 1924-ல் இன்டர்நேஷனல் ஹவுஸ் என்ற பெரிய விடுதியாகவே வளர்ந்தது.

இந்த வரலாற்றில் நம் பக்கத்து ஆள் ஒருவரும் இருக்கிறார். சேலத்தில் பிறந்த கே.டி. பால், இந்திய ஒய்.எம்.சி.ஏ.வின் தேசியப் பொதுச்செயலாளராக இருந்தவர். லண்டனில் இந்திய மாணவர்கள் அறை கிடைக்காமல் அல்லாடிய காலத்தில், 1920-ல் அவர்களுக்கென ஒரு விடுதி அமையக் காரணமானவர். ஃபிட்ஸ்ராய் சதுக்கத்தில் இன்றும் இயங்கும் இந்தியன் ஒய்.எம்.சி.ஏ. அதன் தொடர்ச்சிதான். எல்லா மதத்து இந்திய மாணவர்களும் தங்கிய இடம் அது.

இன்று தேவை இன்னும் பெருகியிருக்கிறது. 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் படித்த இந்தியர் 3,31,602 பேர். சீனாவை முந்தி முதலிடம். நவம்பர் நான்காவது வியாழனன்று தேங்க்ஸ்கிவிங் விடுமுறை வரும். உள்ளூர் மாணவர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள், வளாகச் சாப்பாட்டுக் கூடங்கள் பல மூடிவிடும். காலியான விடுதியில் தங்கியிருப்பது வெளிநாட்டு மாணவர்கள்தான். அன்று வீட்டுக்கதவைத் திறப்பவர்களில் சர்ச் குடும்பங்கள் நிறைய.

செலவு யாருடையது?

"இலவசமா இவ்வளவு செய்யணும்னா பின்னாடி பெரிய பணம் இருக்கும்" என்ற சந்தேகம் நம் வீடுகளில் அடிக்கடி எழுவது. பெரும்பகுதி உறுப்பினர்களின் காணிக்கைதான். சமைப்பவர்களுக்கும் விளையாட்டு நடத்துபவர்களுக்கும் சம்பளம் கிடையாது. முழுநேர ஊழியர்கள் பலர் தங்கள் சம்பளத்தையே நண்பர்களிடமும் திருச்சபைகளிடமும் நன்கொடையாகத் திரட்டிக்கொள்கிறார்கள்.

அரசின் வரிச்சலுகையும் சேரும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மதத்தை வளர்ப்பது 2011-ம் ஆண்டு அறக்கட்டளைச் சட்டப்படி அறப்பணிகளில் ஒன்று. பிரிட்டனில் வரி கட்டுபவர் 100 பவுண்ட் கொடுத்தால் கிஃப்ட் எய்ட் திட்டத்தில் அரசு 25 பவுண்ட் சேர்த்துத் தரும். அமெரிக்காவில் வரிச் சட்டத்தின் 501(சி)(3) பிரிவின் கீழ் வரிவிலக்கு.

ஜெர்மனி வேறு மாதிரி. அங்கே சர்ச் வரி என்றே ஒன்று உண்டு. பதிவு பெற்ற கத்தோலிக்க, புராட்டஸ்டண்ட் உறுப்பினர்களிடம் வருமான வரியில் 8 அல்லது 9 சதவீதத்தை அரசே பிடித்துத் திருச்சபைக்குக் கொடுக்கிறது. நம் ஊர்க் கிறிஸ்தவப் பிள்ளைகள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஜெர்மனியில் முகவரி பதியும் படிவத்தில் மதம் கேட்பார்கள். அங்கே எழுதியது பின்னாளில் வேலை கிடைத்ததும் சம்பளச் சீட்டில் பிடித்தமாக வந்து நிற்கும்.

மதமாற்றம்தானா?

நேரடியாகவே சொல்லிவிடலாம். மாணவர் ஊழிய அமைப்புகளுக்கு அந்த எண்ணம் உண்டு. தாங்கள் உண்மை என்று நம்புவதை இன்னொருவருக்குச் சொல்வதை அவர்கள் கடமையாக நினைக்கிறார்கள். சாப்பாடு போடும் பெரியவரின் அன்பும் பொய் இல்லை. அன்பு உண்மை, நோக்கமும் உண்மை. ஒன்று இருப்பதால் மற்றது இல்லாமல் போவதில்லை.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 9-வது பிரிவு, மதத்தை மாற்றிக்கொள்ளும் உரிமையை வெளிப்படையாகவே தருகிறது. அமெரிக்காவில் அரசியலமைப்பின் முதல் திருத்தம் மதப்பேச்சைக் காக்கிறது. இந்தியாவில் 25-வது பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையைத் தந்தாலும், இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று 1977-ல் உச்ச நீதிமன்றம் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. நம் ஊர்ச் சட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு "இது சட்டவிரோதம் இல்லையா?" என்று கேட்டால் லண்டனில் பதில் "இல்லை" என்றுதான் வரும். நமக்குப் பழக்கமான மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நிலை வேறு. மலேசிய அரசியலமைப்பின் 11(4) பிரிவு, முஸ்லிம்களிடையே பிற மதங்களைப் பரப்புவதைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்ற இடம் தருகிறது. சிங்கப்பூரில் 1990-ல் இயற்றிய மத நல்லிணக்கச் சட்டம் இருக்கிறது.

அழுத்தம் எங்கிருந்து வருகிறது?

என் கணிப்பில் உண்மையான சிக்கல் இங்கேதான். பெரும்பாலும் யாரும் பிள்ளைகளைக் கட்டாயப்படுத்துவதில்லை. அழுத்தம் நாம் வளர்த்த வளர்ப்பிலிருந்து வருகிறது.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொல்லி வளர்த்திருக்கிறோம். ஒருவர் வீட்டில் நாலு முறை சாப்பிட்டுவிட்டு, அவர் பைபிள் வகுப்புக்குக் கூப்பிடும்போது முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல செட்டிநாட்டுப் பிள்ளைக்கு நாக்கு வராது. "பார்க்கலாம்", "முயற்சி பண்றேன்" என்பார். நமக்கு அது மரியாதையான மறுப்பு. கேட்கும் ஆங்கிலேயருக்கு அது பாதிச் சம்மதம். அவர் நல்ல மனதோடு மறுபடி செய்தி அனுப்புவார். பிள்ளை மறுபடி நழுவுவார். மூன்றாவது முறை குற்ற உணர்வில் போய் உட்காருவார். இரண்டு பக்கமும் யாரும் தவறு செய்யவில்லை, ஆனால் ஒருவர் விரும்பாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

அந்த நாடுகளில் "நன்றி, எனக்கு அதில் விருப்பமில்லை, விளையாட்டுக்கு மட்டும் வருகிறேன்" என்று சொல்வது அவமரியாதை ஆகாது. நல்ல குழு அதை உடனே ஏற்றுக்கொள்ளும், அடுத்த வாரமும் அதே சிரிப்போடு வரவேற்கும். வேண்டாம் என்று சொன்ன பிறகு நட்பு குறைகிறதா என்பதுதான் அந்தக் குழுவை எடைபோடும் சரியான சோதனை.

கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கும் குழப்பம் உண்டு. ஓரியூர் அருளானந்தர் கோயிலுக்குப் போய் வளர்ந்த தேவகோட்டைக் கத்தோலிக்க மாணவி, கிட்டாரும் டிரம்ஸும் வைத்த கூடத்தில் "நீ இரட்சிக்கப்பட்டாயா?" என்ற கேள்வியைக் கேட்டுத் திகைத்துப்போவார். அவருக்குத் தேவை கத்தோலிக்க சாப்ளின்சி. அது அதே வளாகத்தில்தான் இருக்கும், கேட்டால் சொல்வார்கள்.

விலக வேண்டிய குழுக்கள்

பெயரை மறைத்து வருபவர்கள் தனி ரகம். தென்கொரியாவில் 1984-ல் தொடங்கிய ஷின்சோன்ஜி இயக்கம் தன் அடையாளத்தைச் சொல்லாமல் இளைஞர்களைச் சேர்ப்பதாக நெடுங்காலமாகக் குற்றச்சாட்டு உண்டு. அங்குள்ள முக்கியத் திருச்சபைகள் அதை ஏற்பதில்லை. கொரியாவுக்கு வெளியிலும் அது இயங்குகிறது. கணக்கெடுப்பு, கலை வகுப்பு, திறமைப் போட்டி என்று ஏதாவது பெயரில் ஆரம்பித்து, எந்த அமைப்பு என்று கேட்டால் மழுப்புவது இப்படிப்பட்ட குழுக்களின் முதல் அடையாளம். வாரத்தில் நான்கு நாள் வகுப்பு, வீட்டாரிடம் சொல்லாதே என்ற அறிவுரை, பழைய நண்பர்களை விடச் சொல்வது, இதில் எது வந்தாலும் அன்றே நிறுத்திவிட்டுப் பல்கலைக்கழகத்தின் மாணவர் நல அலுவலகத்தில் சொல்ல வேண்டும்.

போகும் மாணவருக்கு

1. அழைப்பிதழில் நடத்துபவரின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள். பல்கலைக்கழகத்தின் சாப்ளின்சி பட்டியலிலோ மாணவர் சங்கப் பட்டியலிலோ அந்தப் பெயர் இருந்தால் நல்லது.

2. தாளில் மின்னஞ்சல் மட்டும் எழுதினால் போதும். பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி மத நம்பிக்கை சிறப்புப் பாதுகாப்புள்ள தகவல். என் விவரங்களை நீக்குங்கள் என்று எழுதிக் கேட்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. அமெரிக்காவில் இதற்கு ஈடான நாடு தழுவிய பொதுச் சட்டம் கிடையாது, அங்கே கூடுதல் கவனம் வேண்டும்.

3. சைவம் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள். ஸ்பகெட்டிக் கோபுரத்தின் உச்சியில் வைக்கும் மார்ஷ்மெல்லோவில் பெரும்பாலும் ஜெலட்டின் இருக்கும். அது விலங்கிலிருந்து எடுப்பது. விளையாடலாம், வாயில் போடும் முன் உறையைப் படியுங்கள்.

4. உதவி செய்யக் கூப்பிட்டால் விசா நிபந்தனையைப் பாருங்கள். பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவருக்குப் பருவ காலத்தில் வாரம் 20 மணி நேர வேலை வரம்பு. நாற்காலி எடுத்துப் போடுவது பிரச்சினை இல்லை. குறித்த நேரமும் பொறுப்பும் உள்ள சம்பளமில்லா வேலை அந்த 20 மணி நேரத்துக்குள் வந்துவிடலாம்.

5. எங்கே போகிறீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். பெற்றோரும் "எதுக்குப் போனே?" என்று ஆரம்பிக்காமல், என்ன விளையாடினீர்கள், யார் யார் வந்தார்கள் என்று கேட்டால் பிள்ளை மறைக்காமல் சொல்வார். திட்டுக்குப் பயந்து மறைக்கும் பிள்ளையைத்தான் தவறான குழு எளிதாகப் பிடிக்கும்.

நம் சங்கங்கள் செய்யக்கூடியது

அயலூரில் தனியாக நிற்பவனுக்கு இடம் கொடுப்பது செட்டிநாட்டுக்குப் புதிதல்ல. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவின் கிட்டங்கிகளில் கடையும் படுக்கையும் சாப்பாடும் ஒரே கூரைக்குள் இருந்தன. 1859-ல் டேங்க் ரோட்டில் தண்டாயுதபாணி கோயில் எழுந்தது. கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்ய, போன ஊர்களில் கோயிலும் விடுதியும் முதலில் வந்தன. ஆனால் அவை பெரும்பாலும் நம்மவர்களுக்காக நாமே கட்டியவை. சர்ச் கூடத்து மேசையில் முன்பின் தெரியாத வேற்று நாட்டான் உட்காருகிறான். இந்த வித்தியாசத்தை நாம் மதிக்கத்தான் வேண்டும்.

இன்று வெளிநாட்டு நகரத்தார் சங்கங்களும் தமிழ்ச் சங்கங்களும் பொங்கலுக்கும் பிள்ளையார் நோன்புக்கும் கூடுகின்றன. நோன்பன்று திரியேற்றிய மாவை வாங்கி உண்ணும் சடங்கான இழை எடுக்க நூறு மைல் கார் ஓட்டி வருபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பிள்ளையார் நோன்பு வருடத்துக்கு ஒரு முறை, சர்ச்சின் விளையாட்டு மாலை வாராவாரம். தனிமை வாராவாரம் வருவது. கார் இல்லாத மாணவர் நடந்து போகும் தூரத்தில் எது இருக்கிறதோ அங்கேதான் போவார்.

பல்கலைக்கழக மாணவர் சங்கங்களில் தமிழ் மன்றமோ இந்து மன்றமோ பதிவு செய்வது பெரிய வேலை இல்லை. சில மாணவர்களின் பெயர், ஒரு விதிமுறைத் தாள், ஆண்டுக்கொரு தேர்தல், பெரும்பாலான இடங்களில் அவ்வளவுதான். பதிவு செய்த மன்றத்துக்குப் பல இடங்களில் வளாகத்தில் அறை வாடகை இல்லாமல் கிடைக்கும். பல்லாங்குழிப் பலகை ஒன்று, தாயக்கட்டை ஒரு ஜோடி, ஒரு பானை சாம்பார் சாதம். முதல் வாரத்தில் சேர்க்கை விழா மேசையிலேயே கொலம்பியக்காரரையும் சீனரையும் அழைத்துவிட வேண்டும். உள்ளூரில் வேலை பார்க்கும் நம் குடும்பங்களிலிருந்து வாரம் ஒருவர் வந்து சமையலைப் பார்த்துக்கொண்டால், மிச்சத்தை மாணவர்களே நடத்திவிடுவார்கள்.